ரணகளம் தேடிச் சென்ற வைத்தியர் டாக்டர் அன்சாரி

சேலம் ஃபேர்லேண்ட்ஸை அறியாத வாசக நேயர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. ஐந்து ரோட்டிலிருந்து சாரதா கல்லூரிச் சாலைப் பக்கம் திரும்பினால், வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே ஆஸ்பத்திரிகளாகவே கண்ணில் படும். நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், தர்மபுரி என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் நோயாளிகளைக் கொண்டு வந்து இறக்கும் இடம் அது. சில மாதங்களுக்கு முன், மஃரிப் தொழுதுவிட்டு அவ்வழியே நடந்து வந்தபோது ஒரு காட்சியைக் காண நேர்ந்தது. இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து வந்த ஒரு சகோதரியின் புர்கா ஓரம் சக்கரத்தில் சிக்கி, அவர் சாலையில் விழுந்து கிடந்தார். முன்கை ஆழமாகக் கிழிந்து இரத்தம் வழிந்தோடிக் கொண்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடா வாங்கி வந்து முகத்தில் தெளித்தார். ஒருவர் காப்பித்தூளைக் கொண்டு வந்து காயத்தில் அப்பினார். போலீஸ் வந்த பிறகு தூக்குவதுதான் நல்லது என்றார் இன்னொருவர். கைபேசியில் படம் பிடித்தவர்களும் உண்டு. கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை விளக்கு எரிந்து கொண்டிருந்தது. சுத்தமான துணியொன்றை மடித்து அந்தக் காயத்தின்மேல் அழுத்திப் பிடிக்க ஒரு கை மட்டும் அங்கே இல்லை. கடைசியில் தெருவோரம் பூ விற்றுக் கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் வந்து, தம் துண்டை மடித்து அழுத்தி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போனார். சகோதரி நலமடைந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராகக் கைகட்டி நின்றோம் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காயம்பட்டவரைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற சமுதாயமா நம்முடையது? காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வைத்தியர்களும் மாணவர்களுமாய்க் கப்பலேறிப் போன வரலாறு இந்த நாட்டு முஸ்லிம்களுக்கு உண்டு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் மர்ஹூம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்கள். கிலாபத் இயக்கத் தலைவராகவும், காங்கிரஸ் தலைவராகவும் அன்னாரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். அரசியலுக்கு முன்பே அவர்கள் ரண சிகிச்சை வைத்தியர் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

1880-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்திலுள்ள யூசுப்பூரில் டாக்டர் அன்சாரி பிறந்தார்கள். வைத்தியம் அந்தக் குடும்பத்திற்குப் புதிதன்று. அன்னாரின் மூத்த சகோதரர் ஹகீம் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் யூனானி வைத்தியத்தில் பேர் பெற்றவர். கண் பார்வையை இழந்தவரானதால் ஹகீம் நாபீனா என்றே மக்கள் அவரை அழைத்தனர். கண் இல்லாவிட்டாலும் நாடி பார்த்து நோயறிவதில் அவர் வல்லவர். அப்படிப்பட்டவரின் தம்பி ஆங்கில வைத்தியம் பயிலப் புறப்பட்டார்.

வடக்கே பிறந்த அந்த இளைஞருக்கு வைத்தியக் கல்வி தந்தது நம்முடைய சென்னைதான். 1835-இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர்கள் பயின்றார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியை நம் ஜில்லாக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேலத்தில் முடியாது என்று கைவிரிக்கப்பட்ட எத்தனையோ பேர் அந்த வாசலுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதன் அருகில் படித்த மாணவர் என்று நினைக்கும்போது டாக்டர் அன்சாரி நமக்குக் கொஞ்சம் நெருங்கிய மனிதராகவே ஆகிவிடுகிறார்.

அதன்பின் ஹைதராபாத் நிஜாம் அரசின் உதவித்தொகையுடன் பிரிட்டனுக்குச் சென்று எம்.டி., எம்.எஸ். பட்டங்களைப் பெற்றார்கள். லண்டனில் லாக் ஆஸ்பத்திரியிலும், சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார்கள். ஆளும் நாட்டாரின் தலைநகரத்து ஆஸ்பத்திரியில், ஆளப்படும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் கத்தி பிடித்து ரண சிகிச்சை செய்வது அந்நாளில் சாதாரண விஷயமன்று. அங்கேயே தங்கியிருந்தால் பணத்துக்கும் பெயருக்கும் குறைவிருந்திராது. 1910-இல் நாடு திரும்பி, டெல்லியில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்கள். ஹகீம் அஜ்மல்கான், மௌலானா முஹம்மது அலி ஆகியோரின் நட்பு அங்கே வளர்ந்தது. தொழில் நன்றாக நடந்தது. அப்போதுதான் துருக்கியிலிருந்து அந்தச் செய்தி வந்தது.

1912 அக்டோபரில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து உதுமானியப் பேரரசின்மீது போர் தொடுத்தன. பால்கன் யுத்தம் என்று சரித்திரம் சொல்வது இதைத்தான். சில வாரங்களுக்குள் உதுமானியப் படை இஸ்தான்புல்லுக்குச் சற்று தூரத்திலுள்ள சத்தால்ஜா அரண்வரை பின்வாங்க நேர்ந்தது. குண்டடிபட்டவர்கள் ஒருபுறம், படைக்குள் புகுந்த காலரா ஒருபுறம். ஆயா சோஃபியா பள்ளிவாசலின் தரையில்கூட காலரா கண்ட சிப்பாய்களைக் கிடத்த வேண்டியதாயிற்று. கலீஃபாவின் தலைநகரத்திற்கு நேர்ந்த இந்த நிலை இந்திய முஸ்லிம் வீடுகளையெல்லாம் கலங்க வைத்தது. மௌலானா முஹம்மது அலி தம்முடைய காம்ரேட் பத்திரிகையில் நிதி திரட்ட அழைப்பு விடுத்தார். பெண்கள் காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

பணம் அனுப்புவதோடு நின்றிருக்கலாம். பெரும்பாலோர் அதோடு நிற்பதுதான் வழக்கம். ஆனால் காயத்தைக் கட்டப் பணத்திற்குக் கை இல்லையே! வைத்தியர்களையே அனுப்புவது என்று முடிவாகி, ஆங்கிலேய அரசின் அனுமதியும் கிடைத்தது. டாக்டர் அன்சாரி தம் தொழிலை விட்டுவிட்டுத் தலைமை ஏற்றார்கள். 1912 டிசம்பரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பம்பாயில் கப்பலேறினார்கள்.

அந்தக் குழுவில் எல்லோரும் டாக்டர்கள் அல்லர். அலிகர் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த இளைஞர்கள் பலர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கவும், கட்டுப்போடவும், பக்கத்திலிருந்து கவனிக்கவும் புறப்பட்டார்கள். சௌத்ரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீக்கி, ஷுஐப் குரைஷி, பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் ஆகியோர் அவர்களில் சிலர். வைத்தியமே அறியாத வாலிபர்கள் சில வாரப் பயிற்சியில் காயத்தைக் கழுவவும் கட்டவும் கற்றுக் கொண்டார்கள் என்பதை, ஃபேர்லேண்ட்ஸில் கைகட்டி நின்ற நாம் இரண்டு முறை படித்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

குழு போய்ச் சேர்ந்தபோது தற்காலிகப் போர் நிறுத்தம் இருந்தது. 1913 பிப்ரவரி தொடக்கத்தில் சண்டை மீண்டும் மூண்டது. இஸ்தான்புல் நகரத்து ஆஸ்பத்திரியில் பணியைத் தொடங்கியவர்கள், காயம்பட்டவர்கள் நகரத்திற்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல், சத்தால்ஜா முனைக்குப் பின்னால் உமர்லி என்னும் இடத்தில் கூடார ஆஸ்பத்திரியை அமைத்தார்கள். பிறகு சனக்கலே பக்கமும் சென்றார்கள். அங்கிருந்து டாக்டர் அன்சாரி எழுதி அனுப்பிய கடிதங்கள் காம்ரேட் பத்திரிகையில் வெளிவந்தன.

ஆஸ்பத்திரியை நோயாளியின் பக்கம் கொண்டு போவதில்தான் விஷயம் இருக்கிறது. அது என்ன காலம் என்று பாருங்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல். அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. இரத்த வங்கி கிடையாது. சேறும் அழுக்குத் துணியும் படிந்த குண்டுக்காயம் ஒருநாள் கழுவப்படாமல் கிடந்தால் சீழ் பிடிக்கும். பிறகு கையையோ காலையோ வெட்ட வேண்டும், அல்லது உயிரே போகும். உடைந்த காலைக் கட்டை வைத்துக் கட்டாமல் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டு போனால், ஒவ்வொரு குலுக்கலிலும் எலும்பு முனை சதையைக் கிழித்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் போய்விடும். அந்தக் கூடாரத்தில் இருந்தவை கொதிக்க வைத்த தண்ணீரும், கிருமி நாசினியும், சுத்தமான கட்டுத் துணியும், கட்டைகளும், அவற்றைத் தாமதமின்றிப் பயன்படுத்தும் கைகளும்தான். இன்று அவசர சிகிச்சை என்று பெரிய கட்டடங்களில் நடப்பதன் அஸ்திவாரமும் இதுதான்.

இந்தக் கூடாரம் துருக்கியில் முளைத்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்முடைய பள்ளிவாசலிலேயே அவருக்காகக் கூடாரம் அடிக்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக. அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அங்கே காயம்பட்டவர்களைக் கவனித்து வந்தார்கள். பள்ளிவாசலுக்குள் ஆஸ்பத்திரி! இன்று நம் பள்ளிகளில் ஜனாஸா கட்டில் இல்லாத பள்ளி இல்லை. முதலுதவிப் பெட்டி இருக்கும் பள்ளி எத்தனை என்று முத்தவல்லிமார்கள்தான் சொல்ல வேண்டும்.

உஹதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகமே காயப்பட்டது. அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டு வர, ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை என்றதும், பாயை எரித்து அதன் சாம்பலை வைத்து நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு இன்று சாம்பலைத் தேடுவது சுன்னத்தைப் புரிந்து கொண்டதாகாது. முதலில் கழுவினார்கள், தண்ணீர் போதாது என்று கண்டதும் கையிலிருந்த சிறந்த வழியைத் தேடினார்கள். இன்று நம் கையில் இருக்கும் சிறந்த வழி, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து நன்றாக அழுத்துவது. பத்து நிமிடமாவது எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி பீறிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்த வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதே ஆஸ்பத்திரியில் முதல் வேலையாகிவிடும். கத்தியோ கண்ணாடித் துண்டோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல் அப்படியே அசையாதபடி சுற்றிக் கட்டி அழைத்துப் போக வேண்டும்.

1913 ஜூலையில் குழு பம்பாய்க்குத் திரும்பியது. பெஷாவர் அப்துர் ரஹ்மான் மட்டும் துருக்கியிலேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் அந்நாட்டின் தூதராக ஆப்கானிஸ்தானுக்கே சென்றார். 1925-இல் இஸ்தான்புல்லில், வேறொருவர் என்று ஆள் மாறாட்டத்தில் சுடப்பட்டு உயிர் நீத்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

டெல்லி திரும்பிய பிறகு டாக்டர் அன்சாரியின் வாழ்க்கை அரசியலோடு கலந்துவிட்டது. கிலாபத் இயக்கம், முஸ்லிம் லீக், காங்கிரஸ் எல்லாவற்றிலும் முன்வரிசையில் நின்றார்கள். 1920-இல் லீகின் தலைவர். 1927 டிசம்பரில், தாம் மாணவராயிருந்த அதே சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு அவர்களே தலைவர். இந்த விவரங்களை அரசியல் நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. நாம் கடந்து செல்கிறோம். ஆனால் தர்யாகஞ்சில் தாருஸ்ஸலாம் என்ற அன்னாரின் வீடு தலைவர்கள் தங்கும் விடுதியாக இருந்த அந்த நாட்களிலும், அவர்கள் வைத்தியத்தை விடவில்லை. 1924-இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டெல்லியில் காந்திஜி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது பக்கத்திலிருந்து கவனித்த வைத்தியர்களில் டாக்டர் அன்சாரியும் ஒருவர்.

போர்க்களத்துக் காயம் நம் வீட்டுக்கு எங்கே வரப்போகிறது என்று தோன்றலாம். வருகிறது. நாமக்கல் லாரிகளும் கொச்சி நெடுஞ்சாலையும் இருக்கும் ஊரில் அது தினமும் வருகிறது. சாலைக்குப் போகாமலே வீட்டுக்குள்ளும் வருகிறது. நம் வீடுகளுக்கென்றே சில விபத்துகள் உண்டு. புர்காவும் துப்பட்டாவும் வண்டிச் சக்கரத்தில் சிக்குவதைச் சொன்னோம். ஏறுவதற்கு முன் ஓரத்தைச் சுருட்டி மடியில் வைத்துக் கொள்வதும், சக்கரத்திற்குத் தடுப்புவலை போடுவதும் பெரிய செலவன்று. ஓட்டுபவர் மட்டும் ஹெல்மெட் போட்டுக் கொண்டு, பின்னால் மனைவியையும் முன்னால் குழந்தையையும் வெறுந்தலையோடு ஏற்றிச் செல்வது நியாயமா என்பதை வீட்டுத் தலைவர்கள் யோசிக்க வேண்டும்.

ரமளானில் நோன்புக் கஞ்சி. பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சும் இடத்தில் சிறுவர்கள் தூக்குச்சட்டியோடு முண்டியடிப்பார்கள். கொதிக்கும் கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது. தோலில் ஒட்டிக் கொண்டு சுட்டுக் கொண்டேயிருக்கும். அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆறிய பிறகு வேறிடத்தில் வைத்து ஊற்றினால் போதும். ஸஹர் நேரத்துத் தூக்கக் கலக்கத்தில் அடுப்பு மூட்டும் பெண்கள் தொங்கும் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக் கொள்ளட்டும். சுட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். பேனா மை, பற்பசை, மாவு, வெண்ணெய் ஒன்றும் கூடாது. ஐஸ் கட்டியும் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவும் கூடாது.

பக்ரீதில் குர்பானி. வருடம் முழுதும் கத்தி பிடிக்காதவர்கள் அன்று ஒருநாள் பிடிப்பதால் விரலும் உள்ளங்கையும் வெட்டுப்படுகின்றன. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்போடு செல்பவர் அதன் முனையைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்றும், உருவிய வாளை அப்படியே ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டளை நம் குர்பானிக் கத்திக்கும் பொருந்தும். இரவில் படுக்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கச் சொன்னார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்து போனதைக் கேட்டபோது. இன்று அந்த நெருப்பு கேஸ் சிலிண்டரின் வாயிலும், கொசுவர்த்திச் சுருளிலும் இருக்கிறது. தடுப்புச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுப்பதைக் கண்டித்தார்கள். கோடையில் சேலத்து வெக்கைக்குப் பயந்து பிள்ளைகளோடு மாடியில் படுக்கிறவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துக் கொண்டு சுவரின் உயரத்தைப் பார்க்கட்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் கிளையாக எண்ணும் மார்க்கத்தில், விபத்தைத் தடுப்பது தனி வைத்திய சாஸ்திரமன்று, அமல்தான்.

ஒளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எத்தனை பேர்! சொரசொரப்பான தரையும், சுவரில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பியும் போடுவது மினாராவுக்கு வர்ணம் பூசுவதைவிட முந்திய வேலை என்று நாம் கருதுகிறோம். விழுந்தவரை நான்கு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பது பெரும் தவறு. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்றால் அசைக்காமல் வைத்திருந்து 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று விடக்கூடாது. வயல் பக்கத்துச் சகோதரர்களுக்கு ஒன்று. பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை ஆட்டாமல், நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை; போகிற வண்டியில் ஓதிக் கொண்டே போகலாம்.

மார்க்கச் சட்டம் அறியாததாலும் காயம் கெடுகிறது. எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர்கள் ஒளூவுக்காகக் கட்டை அவிழ்ப்பதும், தையல் போட்ட இடத்தை நனைப்பதும் நாம் கண்டது. அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்க, தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். தண்ணீர் கேடு செய்யும் காயமானால் கட்டின்மேல் ஈரக் கையால் மஸஹ் செய்வதும் தயம்முமும் உண்டு. எது எப்போது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே விவர வேறுபாடுகள் உண்டாகையால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள். தண்ணீரில் மூழ்குபவரையோ நெருப்பில் சிக்கியவரையோ கண்டால் தொழுது கொண்டிருப்பவர்கூடத் தொழுகையை முறித்துக் கொண்டு ஓட வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. தொழுகையையே நிறுத்தச் சொல்லும் மார்க்கம், போலீஸ் வரட்டும் என்று நிற்கச் சொல்லுமா?

அந்தப் போலீஸ் பயத்திற்கும் இப்போது இடமில்லை. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவரைத் தொல்லை செய்யக் கூடாது என்ற வழிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை பெறச் செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கான பிரிவு சேர்ந்தது. உதவியவர் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. நம் மாநிலத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அரசு குறிப்பிட்ட அளவுக்கு ஏற்கிறது. பணம் கட்டுவது யார் என்ற பயத்தில் கை கட்டி நிற்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

டாக்டர் அன்சாரியிடம் திரும்புவோம். 1920-இல் அலிகரில் பிறந்து 1925-இல் டெல்லிக்கு வந்த ஜாமியா மில்லியா இஸ்லாமியாவுக்கு, ஹகீம் அஜ்மல்கான் மறைந்த பின் 1928 முதல் அவர்களே வேந்தராக இருந்தார்கள். பணமின்றித் தத்தளித்த அந்தக் கல்வி நிலையத்தை நிலைநிறுத்த அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1935 மார்ச் முதல் நாள், டெல்லிக்கு வெளியே ஓக்லாவில் அதன் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய மனிதர் யாரையும் அழைக்காமல், அங்கே படித்த மாணவர்களிலேயே மிகச் சிறியவரான ஒரு பையனைக் கொண்டு அதை நாட்டச் செய்தார்கள்.

மறு ஆண்டு, 1936 மே 10-ஆம் நாள் இரவு. மசூரியிலிருந்து டெல்லிக்குத் திரும்பிக் கொண்டிருந்த டாக்டர் அன்சாரிக்கு ஓடும் ரயிலிலேயே மாரடைப்பு ஏற்பட்டது. டெல்லி வந்து சேருமுன் வஃபாத்தானார்கள். வயது 55. எத்தனையோ பேருடைய காயத்திற்கு அருகே கூடாரத்தைக் கொண்டு போன அந்த வைத்தியருக்கு, அந்த இரவில் அருகே எந்த ஆஸ்பத்திரியும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைய வைத்தியத்தால் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும், நின்ற இதயத்தை மார்பின்மேல் அழுத்தி ஓட வைக்கும் முறையும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே வழக்கத்திற்கு வந்தன. அஜல் வந்துவிட்டால் ஒரு நொடி முந்தவும் பிந்தவும் செய்யாது என்பது நம் ஈமான். ஆனால் மருந்து இல்லாத காலத்தில் போனவருக்கும், மருந்து அடுத்த தெருவில் இருக்கும்போது வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தவருக்கும் வித்தியாசம் உண்டல்லவா? நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றைக் கண்டால் வண்டியை ஓட்டிக் கொண்டு தானே புறப்படாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கி விழுந்து மூச்சும் இல்லை என்றால், மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை, இரண்டு அங்குல ஆழம் அமுங்கும்படி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். இதைக் கற்க ஒரு பிற்பகல் போதும். அலிகர் மாணவர்கள் கற்றதைவிடச் சுலபம்.

டாக்டர் அன்சாரியின் ஜனாஸா ஓக்லாவில், ஜாமியாவின் மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் காய்ச்சலுக்கும் காயத்திற்கும் போய் நிற்கும் மருத்துவ நிலையத்தின் பெயர் டாக்டர் எம்.ஏ. அன்சாரி சுகாதார நிலையம். விளையாடும்போது முழங்கால் சிராய்த்த பையனும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் உள்ளே போகிறான்.